புழுங்கலரிசி சொன்ன சான்று

பள்ளி மாணவனின் அறிவியல் ஏட்டைப் புரட்டினால் நோக்கம், பொருள்கள், செய்முறை, உற்றறிந்தவை, முடிவு என்னும் தலைப்புகள் வரிசை பிறழாமல் நிற்பதைக் காணலாம். எழுத்து அழகாக இருக்கும். படங்களுக்கு வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். முடிவும் பாடநூலில் உள்ளபடியே அமைந்திருக்கும். அவ்வாறு அமையாத நாளில் என்ன நடக்கிறது? வெளிச்சத்தில் வைத்த பயறு வாடி, இருட்டில் வைத்த பயறு நெடிது வளர்ந்துவிட்டால், மாணவர் பலர் தாம் கண்டதை அழிப்பானால் அழித்துவிட்டு நூல் கூறுவதை எழுதி வைக்கின்றனர். ஆசிரியரும் சரியெனக் குறியிட்டுத் திருப்பித் தருகிறார். மதிப்பெண் குறைவதில்லை. ஆயினும் அந்த ஏட்டில் அழிந்தது ஒரு வரி மட்டுமன்று. அறிவியலே அங்கு அழிந்துவிட்டது.

அறிவியல் முறையின் உயிர் தலைப்புகளின் வரிசையில் இல்லை. விடை தெரியாத வினா ஒன்றை இயற்கையிடம் நேர்மையாகக் கேட்பதும், அது தரும் விடை கேட்டவனின் விருப்பத்திற்கு மாறாக இருப்பினும் தலைவணங்கி ஏற்பதுமே அதன் உயிர். நேர்மையாகக் கேட்பதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, திறனும் வேண்டும். அத்திறனையே சோதனை வடிவமைப்பு என்பர். இதனை விளக்க நியூட்டனின் ஆப்பிளையும் கலிலியோவின் கோபுரத்தையும் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலாயா மண்ணிலேயே, கோலாலம்பூரிலேயே, தமிழர் நாள்தோறும் உண்ட சோற்றைக் கொண்டே நிகழ்ந்த சோதனை ஒன்று உண்டு. உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற அச்சோதனையைத் தமிழ்ப் பள்ளி மாணவர் அறிந்திருப்பது மிகவும் பொருத்தமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாய் மாநிலங்களை அச்சுறுத்திய நோய்களுள் பெரிபெரி ஒன்று. முதலில் கால்கள் மரத்துப் போகும், பின்னர்த் தசைகள் தளரும், நடை தள்ளாடும். சிலருக்கு உடல் வற்றும். சிலருக்கு நீர் கோத்து வீங்கும். இறுதியில் இதயம் ஓய்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை இந்நோய் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் மனநோய் விடுதிகளிலும் புகுந்து வாட்டியது. ஊர்விட்டு ஊர் வந்து, பிழைப்புக்காக மண்ணைத் தோண்டிய பல்லாயிரவரின் வாழ்வு இந்நோயால் முடிந்தது.

நோய் எதுவென்று தெளிந்து, அதன் மூலத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த ஒழுங்கு. பெரிபெரியைப் பொறுத்தவரை முதற்படி எளிதாயிற்று. இரண்டாம் படியே மலைப்பாக நின்றது. பாஸ்டரும் கோக்கும் கிருமிகளைக் கண்டறிந்து புகழ் பெற்றிருந்த காலம் அது. ஆதலின் எந்த நோய்க்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் என்னும் எண்ணம் மருத்துவர் பலரின் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது. ஈரத்தரை காரணம் என்றனர் சிலர். நெருக்கமான தங்குமிடமும் கெட்ட காற்றும் காரணம் என்றனர் வேறு சிலர். ஒவ்வொரு கருத்துக்கும் ஏதோ ஒரு சான்றும் கிடைத்தது. சான்று கிடைக்காத கருத்து என்று உலகில் ஒன்று உண்டா? வேண்டுமென்று தேடுபவனுக்கு எதற்கும் சான்று அகப்படும்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன், ஊர்மக்களின் உணவைக் கூர்ந்து நோக்கினார். மூன்று இனத்தவரும் அரிசியையே உண்டனர். ஆனால் நோய் மூவரையும் ஒன்றுபோல் தீண்டவில்லை. சீனத் தொழிலாளர் பெரும்பாலும் சயாமிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த வெள்ளைப் பச்சரிசியை உண்டனர். ஆலையில் நன்கு தீட்டப்பட்டு, மூட்டைகளில் நெடுநாள் கிடந்து வந்த அரிசி அது. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லைத் தேவைக்கேற்ப வீட்டிலேயே குத்திச் சமைத்தனர். தமிழரோ புழுங்கலரிசியை உண்டனர். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அதன் பிறகே உமி நீக்கி எடுப்பது புழுங்கலரிசி. நோய் முதல் வகையினரையே மிகுதியாகத் தாக்கியது. தமிழரிடம் அரிதாகவே காணப்பட்டது. பச்சரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் முடிவு செய்தார். அவருடைய பெருநூல் 1907-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இங்குத்தான் சிந்திக்கும் மாணவன் சற்றே நிற்க வேண்டும். தமிழருக்கும் சீனருக்கும் உள்ள வேறுபாடு அரிசி ஒன்றுதானா? ஒருவர் தோட்டத்தில் வெட்டவெளியில் உழைத்தார். மற்றவர் சுரங்கத்துச் சேற்றில் நின்றார். ஒருவர் குடும்பத்தோடு லயங்களில் வாழ்ந்தார்; மற்றவர் ஆடவர் மட்டுமே நிறைந்த கொட்டகைகளில் நெருக்கமாகத் தங்கினார். பருப்பு, புளி, கறி வகைகள் ஒருபுறம்; உப்புமீனும் கீரையும் மறுபுறம். பிறந்த நாடும் வேறு, பழக்கங்களும் வேறு. இத்தனை வேறுபாடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, அவற்றுள் ஒன்றை மட்டும் சுட்டி இதுவே காரணம் என்று எவ்வாறு துணிவது? இரண்டு செய்திகள் ஒன்றாக நிகழ்கின்றன என்பதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. சேவல் கூவியபின் பொழுது விடிகிறது. அதனால் சேவல்தான் பொழுதை விடிய வைக்கிறது என்று எவரும் கூறார்.

காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைத் தமிழ்ச் சைவ மரபு பேசும். கண்டு அறிவது காண்டல். கண்டதிலிருந்து காணாததை உய்த்தறிவது கருதல். பெரியோர் சொல்லக் கேட்டு அறிவது உரை. பிராடன் செய்தது நல்ல காண்டல். அவர் கூறியது நல்ல கருதல். ஆனால் கருதல் தானே தன்னை மெய்ப்பித்துக்கொள்ள முடியாது. மீண்டும் ஒரு காண்டல் வேண்டும். அதுவும் தானாக வந்து வாய்க்கும் காண்டலாக இல்லாமல், ஐயத்திற்கு இடம் விடாதவாறு திட்டமிட்டு உண்டாக்கிய காண்டலாக இருத்தல் வேண்டும். அதுவே சோதனை.

இதே காலத்தை ஒட்டி, கடலுக்கு அப்பால் சாவகத் தீவில் வேறொரு முயற்சி நடந்திருந்தது. அந்நாளில் பத்தாவியா எனப்பட்ட இன்றைய ஜகார்த்தாவில் எய்க்மான் என்னும் ஒல்லாந்து மருத்துவர் பெரிபெரிக்கு உரிய கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழத் தொடங்கின. சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளையரிசிச் சோறு கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துச் சோற்றை வெளியார் கோழிகளுக்குத் தர இயலாது என்று மறுத்துவிட்டார். மீண்டும் பழைய தீவனம் இட்டதும் கோழிகள் பிழைத்தன. கிருமியைத் தேடியவர் அரிசியைக் கண்டார். எதிர்பாராத நிகழ்ச்சியைப் புறக்கணிக்காமல் ஏன் என்று கேட்டதே அவருடைய பெருமை.

கோழிக்கு வந்தது மனிதனுக்கும் பொருந்துமா? வோர்டர்மான் என்னும் மருத்துவ அதிகாரி சாவகத் தீவின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். அதன் முடிவுகள் 1897-இல் வெளியாயின. தவிடு நீங்காத அரிசியை உண்ட கைதிகளிடையே ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கே பெரிபெரி கண்டிருந்தது. வெள்ளையரிசியை உண்டவர்களிடையே 39 பேரில் ஒருவருக்குக் கண்டிருந்தது. கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், நெருக்கடி ஆகியவற்றையும் அவர் ஆராய்ந்தார். அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு காணவில்லை. பிராடன் கண்டதைவிட இச்சான்று உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதுவும் கணக்கெடுப்பே. எந்தச் சிறைக்கு எந்த அரிசி என்பதை வோர்டர்மான் முடிவு செய்யவில்லை. அது முன்னரே அமைந்திருந்தது. அவர் கேட்க மறந்த, எவரும் நினைத்துப் பாராத வேறோர் வேறுபாடு அச்சிறைகளுக்கிடையே ஒளிந்திருக்கக் கூடுமன்றோ?

அந்த ஐயத்தைத் தீர்க்கும் வகையில் சோதனையை அமைத்தவர் கோலாலம்பூரில் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர். அங்கிருந்த மனநோய் விடுதியில் 1905-ஆம் ஆண்டில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. அவ்விடுதியில் ஒரு முற்றத்தின் இருபுறமும் ஒன்றையொன்று ஒத்த இரண்டு கட்டடங்கள் இருந்தன. 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், விடுதியில் இருந்த 59 பேரும் உணவுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டனர். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் கிழக்குக் கட்டடத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு முன்போலவே சயாம் பச்சரிசிச் சோறு. இரட்டைப்படை எண் பெற்றவர்கள் மேற்குக் கட்டடத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசிச் சோறு. மற்ற உணவுகள் இரு சாராருக்கும் ஒன்றே. அதன் பின்னர் விடுதிக்குப் புதிதாக வந்தவர்களும் ஒருவர் இப்புறம், அடுத்தவர் அப்புறம் என மாறி மாறிச் சேர்க்கப்பட்டனர். ஆண்டின் நடுவில் இரு குழுவினரும் தத்தம் கட்டடங்களை மாற்றிக்கொண்டனர். அரிசி மட்டும் மாறவில்லை. இவ்வாறு 1906-ஆம் ஆண்டு முழுவதும் சோதனை நடைபெற்றது.

இந்த ஏற்பாடு பார்வைக்கு மிக எளியது. நுண்ணோக்கி இல்லை, விலையுயர்ந்த கருவி இல்லை. ஆயினும் அதன் ஒவ்வொரு கூறும் ஓர் ஐயத்திற்கு விடையாக அமைந்தது.

வரிசையில் நிறுத்தி எண்ணியது ஏன்? நோயாளிகளை மருத்துவரே தெரிந்தெடுத்துப் பிரித்திருந்தால், தம்மை அறியாமலேயே வலியவர்களை ஒரு பக்கமும் மெலியவர்களை மறுபக்கமும் சேர்த்திருக்கக் கூடும். எண்ணுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. ஒரே உணவுக்கூடம், ஒரே முற்றம், ஒத்த கட்டடங்கள் ஏன்? காற்றும் நீரும் தரையும் வேலையும் இரு சாராருக்கும் ஒன்றாக இருந்தால், அவற்றின்மேல் பழி சுமத்த வழி இராது. பச்சரிசி உண்ணும் ஒரு குழு ஏன்? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாவிடில், புழுங்கலரிசி உண்டவர்கள் நலமாக இருந்தாலும், நோயின் வேகம் தானாகவே தணிந்துவிட்டது என்று கூறிவிடலாம். கட்டடங்களை மாற்றியது ஏன்? கிழக்குக் கட்டடத்துச் சுவரிலோ தரையிலோ கிருமி குடியிருக்குமானால், குடியிருப்பு மாறும்போது நோயும் ஆள்மாறியிருக்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு வாயிலையும் அடைத்து, அரிசி ஒன்றை மட்டுமே வேறுபாடாக விட்டு வைத்தார் பிளெட்சர். இன்றைய பாடநூல்கள் கூறும் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகிய மூன்றும் இங்கு உண்டு. மாற்றப்பட்டது அரிசி, அதனால் மாறுகிறதா என்று கவனிக்கப்பட்டது நோய், மாறாமல் காக்கப்பட்டவை மற்றவை யாவும்.

விளைவு என்ன? ஓராண்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 120 பேர் இருந்தனர். பச்சரிசி உண்டவர்களுள் கால் பங்கு அளவினர் பெரிபெரியால் நோயுற்றனர். அவர்களுள் 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களுள் நோய் காணப்பட்டவர் இருவரே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இப்பக்கத்தில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை. 1907-இல் இலண்டன் மருத்துவ இதழான லான்செட்டில் இம்முடிவுகள் வெளியாயின.

இத்துணை வலிய சான்று கையில் இருந்தும் பிளெட்சர் காட்டிய அடக்கம் கருதத்தக்கது. பச்சரிசி, நேராகவோ மறைமுகமாகவோ, பெரிபெரிக்குக் காரணம் என்பதோடு அவர் நின்றார். அரிசியில் நஞ்சு இருக்கலாம்; அல்லது உடலுக்கு வேண்டிய சத்துக் குறைவாக இருக்கலாம்; அல்லது சத்துக் குறைந்த உடலில் கிருமி எளிதில் புகுந்திருக்கலாம். இவற்றுள் எது மெய் என்பதை அவருடைய சோதனை கேட்கவில்லை. ஆதலின் அது சொல்லவும் இல்லை. கேட்ட வினாவுக்கு மட்டுமே சோதனை விடை தரும். கேளாத வினாவுக்கும் அதன் வாயில் விடையைத் திணிப்பது, வழக்கில் சாட்சி சொல்லாததைத் தீர்ப்பில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

ஒருவர் கண்டதை மற்றவரும் காண வேண்டும் என்பது அறிவியலின் மற்றொரு நெறி. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானின் ஜெலுபு வட்டாரத்தில், காட்டினூடே சாலை அமைத்த சாவகத் தொழிலாளரிடையே இச்சோதனையை வேறு வடிவில் நடத்தினர். நோய் முன்பு இல்லாத காட்டுப் பகுதி அது. தொழிலாளர் இரு குழுவினராகப் பிரிந்து வெவ்வேறு இடங்களில் தங்கினர். ஒரு குழுவுக்கு வெள்ளையரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. சில மாதங்களில் வெள்ளையரிசி உண்ட குழுவில் பெரிபெரி தலைகாட்டியது. உடனே அவர்களுக்கு அவ்வரிசி நிறுத்தப்பட்டது. நோய் பரவுவதும் நின்றது. நோய் கண்ட இடத்திலேயே புழுங்கலரிசி உண்டவர்களைக் குடியேற்றிப் பார்த்தபோதும் அவர்களை நோய் தொடவில்லை. இடம் காரணமன்று, தொற்றும் காரணமன்று என்பது தெளிவாயிற்று. பின்னர்க் கோழிகளுக்கு வெள்ளையரிசியோடு, அதைத் தீட்டும்போது உதிரும் தவிட்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். கோழிகள் நலமாக இருந்தன. அரிசியில் நஞ்சு சேரவில்லை. அரிசியிலிருந்து அரியதொன்று நீங்கியிருந்தது. ஆலைகள் குப்பையெனக் கழித்த தவிட்டில் உயிர் இருந்தது.

எய்க்மான் தொடக்கத்தில் அரிசி மாவில் நஞ்சு உண்டென்றும் தவிட்டில் அதற்கு மாற்று உண்டென்றும் எண்ணினார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கிரைன்ஸ் 1901-ஆம் ஆண்டிலேயே, உணவில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாமையே நோய் என்று கூறியிருந்தார். அத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயரை 1912-இல் பங்க் என்பவர் வழங்கினார். 1926-இல் பத்தாவியாவில் ஜான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து அப்பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர்; 1936-இல் வில்லியம்ஸ் அதன் அமைப்பைக் கண்டு செயற்கையாக ஆக்கிக் காட்டினார். இன்று தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் அது வழங்கப்படுகிறது. உண்ட மாவுச்சத்தை உடல் ஆற்றலாக மாற்றுவதற்கு அது இன்றியமையாதது. அது குறைந்தால் நரம்பும் இதயமும் முதலில் துன்புறும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள இச்சத்தின் ஒரு பகுதி நீரோடு கலந்து அரிசியின் உள்ளே புகுகிறது. ஆகவே பின்னர்த் தீட்டினாலும் முழுவதும் நீங்குவதில்லை. தமிழரைக் காத்தது இதுவே.

இவ்விடத்தில் தமிழர் நெஞ்சில் ஒரு பெருமிதம் எழுவது இயல்பு. முன்னோர் வைட்டமினை அறிந்தே நெல்லை அவித்தனர் என்று மேடைகளில் முழங்கவும் தோன்றும். ஆனால் சோதனையின் நெறியைக் கற்ற மாணவன் அவ்வாறு கூறத் தயங்குவான். அவித்த நெல்லின் உமி எளிதில் நீங்கும். அரிசி நொறுங்குவது குறையும். பூச்சியும் எளிதில் அண்டாது. இவை எவரும் கண்ணால் காணக்கூடிய பயன்கள். இவற்றின் பொருட்டே அவ்வழக்கம் நிலைத்திருத்தல் கூடும். அதே சென்னை மாகாணத்தில், பச்சரிசியை விரும்பி உண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நோயைத் தடுத்தது இனமும் அன்று, குருதியும் அன்று; அரிசியைப் பக்குவம் செய்த முறையே. முன்னோர் விட்டுச்சென்ற வழக்கத்தில் நன்மை இருக்கலாம். ஆனால் எந்த வழக்கத்தில் நன்மை உண்டு, எதில் இல்லை என்பதை வழக்கத்தின் பழமை சொல்லாது. சோதனையே சொல்லும். சோதித்துத் தேர்ந்த பெருமை, சோதிக்காத பெருமையைவிட உறுதியானது.

இவ்வரலாற்றில் பெருமைக்கு அருகே துயரமும் நிற்கிறது. பச்சரிசிப் பக்கத்தில் மாண்ட 18 பேரும் யார்? ஒற்றைப்படை எண்ணில் நின்றவர்கள். அல்லது பின்னர் வந்து சேர்ந்தபோது கிழக்குப் பக்கத்து முறை வாய்த்தவர்கள். அவர்கள் மனநோயாளிகள், தமக்கு என்ன நடக்கிறது என்பதை அறியாதவர்கள், அறிந்திருப்பினும் மறுக்க வழியற்றவர்கள். அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. முன்பு உண்ட அதே உணவே அவர்களுக்கு அளிக்கப்பட்டது என்பதும், காரணம் அப்போது உறுதியாகத் தெரியாது என்பதும் உண்மையே. ஆயினும் ஒரு பக்கத்தில் சாவு குவிந்துகொண்டிருக்க, மறுபக்கம் நலமாக இருப்பதைக் கண்ட பிறகும் ஆண்டு முடியும் வரை காத்திருக்கலாமா என்னும் வினா எழாமல் இராது. ஜெலுபுவில் நோய் தலைகாட்டியவுடன் வெள்ளையரிசி நிறுத்தப்பட்டதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல் நியூரம்பர்க் நெறிகளும், 1964-இல் ஹெல்சிங்கி அறிக்கையும் மனிதர்மீது நடக்கும் சோதனைக்கு வரம்பு கட்டின. அறிவியல் கேட்கும் வினா எத்துணைச் சிறந்ததாயினும், விடைக்காக மனிதனைப் பொருளாக்கும் உரிமை அதற்கு இல்லை. சோதனை வடிவமைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் இப்பகுதியை விட்டுவிடலாகாது.

பிளெட்சரின் முறையிலும் ஒரு குறை உண்டு. மாறி மாறிச் சேர்க்கும்போது, அடுத்து வருபவர் எப்பக்கம் செல்வார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சேர்ப்பவர் விரும்பினால் ஒருவரைச் சற்றுத் தாமதித்துச் சேர்த்து வரிசையை மாற்றிவிட முடியும். இதனைத் தவிர்க்கவே பிற்காலத்தில் சீட்டுக் குலுக்குவது போன்ற சமவாய்ப்பு முறை கொண்டுவரப்பட்டது. ரொனால்டு பிஷர் 1935-இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு நூலில் இம்முறைக்குரிய காரணங்களை விளக்கினார். 1948-இல் பிரிட்டனில் வெளியான காசநோய் மருந்துச் சோதனை, யார் எக்குழு என்பதை மூடிய உறைகளில் மறைத்து வைத்தது. ஒரு சோதனையின் குறையைக் கண்டு அடுத்தது திருந்துவதே அறிவியலின் வளர்ச்சி.

இனி, பள்ளியின் பயற்றுக்கு வருதல் தகும். ஈரப்பஞ்சில் இட்ட பயற்றை ஒரு குவளையில் வெயிலிலும், மற்றொரு குவளையில் அலமாரிக்குள்ளும் வைக்கின்றனர் மாணவர். வெளிச்சம் ஒன்றே வேறுபாடு என்று எண்ணுகின்றனர். உண்மையில் வெயிலில் வைத்த பஞ்சு விரைவில் காய்கிறது. இருட்டில் வைத்தது ஈரமாகவே இருக்கிறது. வெப்பமும் வேறுபடுகிறது. முதல் பயறு வாடியது வெளிச்சத்தாலா, வறட்சியாலா, வெப்பத்தாலா? இவ்வாறு கேட்கும் மாணவன் பிளெட்சரின் மாணவன். அவன் இரு குவளைகளையும் ஒரே சாளரத்தருகே வைத்து, ஒன்றை மட்டும் கறுப்புத் தாளால் மூடுவான். இரண்டிலும் ஈரம் குன்றாமல் பார்த்து, வேண்டுமளவு நீர் விடுவான். ஒவ்வொன்றிலும் ஒரு பயறு வைத்தால் அது சொத்தையாக இருந்துவிடலாம் என்று கருதிப் பத்துப் பயறு வைப்பான். எந்தப் பயறு எந்தக் குவளைக்கு என்பதைத் தான் தெரிந்தெடாமல் கண்ணை மூடி எடுப்பான். என்ன நிகழும் என்று தான் எதிர்பார்ப்பதைத் தொடங்குமுன்னே எழுதி வைப்பான். பின்னர் நாள்தோறும் அளந்து, கண்டதைக் கண்டவாறே எழுதுவான். இருட்டில் இருந்த தண்டு நெடிதாகவும் வெளிறியும் வளர்ந்திருப்பதைக் கண்டால் அழிப்பானைத் தேட மாட்டான். ஏன் என்று கேட்பான். ஒளியைத் தேடித் தண்டு நீள்கிறது என்னும் புதிய பாடத்தின் வாயில் அவ்வினாவால் திறக்கும்.

கருதுகோள் என்னும் தமிழ்ச்சொல் அறிவியலாரின் மனநிலையை அழகுறக் காட்டுகிறது. கருதிக் கொள்ளப்பட்டது கருதுகோள். கொண்டதைப் பிடித்துக்கொண்டே இருத்தல் பிடிவாதம். பொய்யெனக் கண்டபோது விடுவதற்கு ஆயத்தமாகக் கொள்வதே கருதுகோள். பிளெட்சர் நோயாளிகளை எண்ணி இரண்டாகப் பிரித்த அந்நாளில், புழுங்கலரிசிப் பக்கத்திலும் நோய் பரவியிருக்குமானால், அரிசிக் கருத்து அன்றோடு வீழ்ந்திருக்கும். வீழ்வதற்கு அவ்வாறு இடம் கொடுத்ததனால்தான் அது நின்றபோது உலகம் நம்பியது. தோற்க வாய்ப்பில்லாத கருத்து வென்றதாகவும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆசிரியர்கள் மாணவரின் ஏட்டில் சரியான முடிவைத் தேடுவதற்குமுன், நேர்மையான ஒப்பீட்டைத் தேடுவார்களாக. நூலோடு முரண்படும் அளவைத் துணிந்து எழுதிய மாணவனுக்கு ஒரு மதிப்பெண் கூடவே வழங்குவார்களாக. நாள்தோறும் செய்தியிலும் விளம்பரத்திலும் இது நோயைத் தீர்க்கும், அது அறிவை வளர்க்கும் என்று பல குரல்கள் எழுகின்றன. எதனோடு ஒப்பிட்டீர்கள், எவ்வாறு பிரித்தீர்கள், எத்தனை பேரைப் பார்த்தீர்கள், வேறு எதுவும் மாறாமல் காத்தீர்களா என்னும் நான்கு வினாக்களைக் கேட்கப் பழகிய மாணவன், அக்குரல்களுக்கிடையே மெய்யைப் பிரித்தறிவான். தட்டில் விழும் ஒரு பிடிப் புழுங்கலரிசிச் சோற்றின் பின்னே அந்நான்கு வினாக்களும், விடை கிடைக்குமுன் மறைந்த பெயரறியா மனிதரும் இருக்கின்றனர் என்பதை அவன் மறவான்.